குமரியில் நுண்ணுயிரியல் சேரும் பிள்ளைகளுக்கு: முதல் ஒரு மாதம் என்ன செய்யலாம்?

கல்லூரி திறக்கும் நேரத்தில் எங்கள் மாவட்டத்தில் சாரலும் கூடவே வந்துவிடும். நனைந்த குடையை வராண்டாவில் விரித்து வைத்துவிட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் லேப் வாசலில் ஒதுங்கி நிற்பார்கள். பாதிப் பேருக்கு என்ன படிக்க வந்திருக்கிறோம் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. நர்சிங் கிடைக்கவில்லை, அக்கா சொன்னாள், மைக்ரோபயாலஜிக்கு வேலை இருக்கிறதாம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்த முதல் வார அறிமுக வகுப்பைப் பல வருடங்களாக எடுத்து வருகிறேன். அங்கே சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் சேரப்போகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று தோன்றியது.

புதிய மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சிக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. கல்லூரி விதிகள், ராகிங் தடுப்பு, நூலகம், உதவித்தொகை எல்லாம் அந்த மாதிரி வகுப்புகளில் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடாமல் போய் உட்காருங்கள். நான் சொல்லப்போவது துறைக்குள் நுழைந்த பிறகு நடப்பது. அதில் முக்கியமானது ஒன்றுதான்: முதல் மாதம் பெயர்களை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கையைப் பழக்குங்கள். கை பழகிவிட்டால் பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சேருவதற்கு முன்பு: வீட்டைச் சுற்றி ஒரு வாரம்

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஊரிலும் எது புளிக்கிறது, எது அழுகுகிறது, எது நாறுகிறது, எது கெடாமல் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். இட்லி மாவு எத்தனை மணிக்கு அரைத்தது, எத்தனை மணிக்குப் பொங்கியது, மழை நாளில் ஏன் தாமதமானது? பழங்கஞ்சி காலையில் லேசாகப் புளிக்கிறதே, அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது?

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. அதிகாலையில் வெட்டிச் சிரட்டையில் சேர்ந்த பால், கவனிக்காமல் விட்டால் உச்சிக்குள் நாற்றம் எடுத்துக் கட்டியாகத் தொடங்கும். பாலில் இருக்கிற சர்க்கரையையும் புரதத்தையும் தின்று பாக்டீரியா அமிலத்தை வெளியிடுவதால்தான் அப்படி ஆகிறது. பாலைப் பாலாகவே வைத்திருக்க அம்மோனியா சேர்ப்பதும், ஷீட் அடிப்பதற்கு வேண்டுமென்றே ஆசிட் ஊற்றி உறைய வைப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். அப்பா தினமும் செய்கிற இந்த வேலையை முதல் செமஸ்டர் பாடத்தில் 'நுண்ணுயிர்க் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் படிப்பீர்கள்.

அக்கானியும் (பதநீர்) அப்படித்தான். பனையிலிருந்து இறக்கும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அக்கானி, தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டிவிடுவதால் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் வேலை செய்ய முடியாது. காயலோரம் இருப்பவர்கள் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப் போட்ட இடத்து நாற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். காற்றில்லாத சேற்றுக்குள் பாக்டீரியா மாதக்கணக்கில் நாரைப் பிடித்திருக்கும் பெக்டினைத் தின்று கரைக்கிறது. அதோடு சேர்ந்து வருகிற அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு.

கடற்கரைப் பிள்ளைகள் கருவாட்டைப் பாருங்கள். உப்பு நன்றாகப் போட்ட மீனிலும் சில நேரம் ரோஸ் நிறம் படரும். உப்பிலேயே வாழ்கிற ஆர்க்கியா என்ற தனி வகை உயிரினங்கள் அதற்குக் காரணம். நம் மாவட்டத்துப் புத்தளம் பக்கம் உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் சுண்டச் சுண்டச் சிவப்பேறுவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு முதல் வகுப்பில் பயம் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலம்தான் உங்களுக்குப் புதிது, விஷயம் இல்லை.

வாங்க வேண்டியவை

பட்டியல் சின்னதுதான். பருத்தியில் முழுக்கை வெள்ளைக் கோட் இரண்டு. எதற்கு இரண்டு என்று வீட்டில் கேட்பார்கள். ஜூன், ஜூலையிலும், அப்புறம் ஐப்பசி, கார்த்திகையிலும் துவைத்த கோட் இங்கே ஒரு நாளில் காயாது. ஈரக் கோட்டோடு லேபில் நிற்க முடியாது. பாலியெஸ்டர் விலை குறைவு என்று வாங்காதீர்கள், தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ, மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர், கைதுடைக்கத் துண்டு, ஒரு லைட்டர். விலை கூடிய பாடப்புத்தகங்களை முதல் மாதமே வாங்க வேண்டாம். நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு எது புரிகிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

லேபில் முதல் நாள்

உள்ளே போனதும் மைக்ராஸ்கோப்பைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஐந்து இடங்களைக் கண்டுபிடியுங்கள்: கேஸ் வால்வு, தீயணைப்பான், கைகழுவும் இடம், முதலுதவிப் பெட்டி, பயன்படுத்திய ஸ்லைடும் பிளேட்டும் (பாக்டீரியா வளர்க்கிற, மூடியுள்ள வட்டத் தட்டு) போடுகிற கிருமிநாசினி வாளி. லேப் அசிஸ்டென்ட்டிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எந்த இன்குபேட்டர் (பாக்டீரியா வளர ஒரே சூட்டில் வைக்கும் பெட்டி) சூடு நிற்காது, எந்த லென்ஸ் தெளிவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் துறையில் இருந்த ஒரு அண்ணன், புதிய பிள்ளைகளைப் பார்த்து, "மக்களே, உள்ள வந்தாலும் கை கழுவணும், வெளிய போனாலும் கை கழுவணும், அவ்வளவுதான் பாடம்" என்பார். உண்மையில் பாதிப் பாடம் அதுதான்.

லேபுக்குள் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், மிட்டாய் எதுவும் கூடாது. பேனாவைக் கடிக்கக் கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது, பழைய ஆட்கள் செய்ததாகச் சொன்னாலும் கூடாது. முடியை இறுக்கிக் கட்டுங்கள், ஷாலைப் பின் குத்துங்கள். போட்ட கோட்டோடு கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் போகாதீர்கள், தனிப் பையில் மடித்து வையுங்கள். போனை மேசையில் வைத்தால் மேசையில் இருப்பதெல்லாம் போனோடு வீட்டுக்கு வரும்.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் என் பக்கத்து மேசையில் நடந்தது இது. பிளேட்டில் பாக்டீரியாவைப் பரப்புகிற கண்ணாடிக் குச்சியான ஸ்ப்ரெடரை ஆல்கஹாலில் முக்கித் தீயில் காட்டிய தோழி, அது அணைவதற்குள் திரும்ப ஆல்கஹால் பீக்கரிலேயே வைத்துவிட்டாள். ஆல்கஹால் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பீக்கர் எரிகிறது என்பதைச் சூடு முகத்தில் அடித்த பிறகுதான் உணர்ந்தோம். அவள் பதறி ஊதப் போனாள். எங்கள் ஆசிரியை ஓடிவந்து ஒரு கண்ணாடிப் பிளேட்டின் மூடியைப் பீக்கர் மேல் வைத்தார், உடனே அணைந்துவிட்டது. அன்று அவள் முன்முடி கருகியதோடு போயிற்று. அதனால்: ஆல்கஹால் பீக்கர் சுடருக்கு ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும், மூடி பக்கத்தில் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் ஊதாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடுங்கள்.

ஆட்டோகிளேவ்: பெரிய குக்கர்

அழுத்தமான ஆவியால் கிருமிகளைக் கொல்கிற கருவி இது. வீட்டில் குக்கர் வைத்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். ஆவி வந்த பிறகுதானே வெயிட் போடுவோம்? இங்கேயும் அதே. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி ஆவி நேராகச் சீறத் தொடங்கிய பிறகே வால்வை மூட வேண்டும். காற்று மிச்சமிருந்தால் முள் 15 பவுண்டு அழுத்தத்தைக் காட்டும், ஆனால் உள்ளே 121 டிகிரி செல்சியஸ் வந்திருக்காது. 121 டிகிரியில் 15 நிமிடம் என்பதுதான் கணக்கு. அந்த 15 நிமிடத்தை வெப்பம் வந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். முள் பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் மீடியம் (பாக்டீரியாவுக்கான சாப்பாடு) பொங்கி வெளியே வந்துவிடும், கையும் வெந்துவிடும்.

மீடியம் தயாரித்து பிளேட் ஊற்றுவது

நியூட்ரியன்ட் அகார் பொடி ஒரு லிட்டருக்கு 28 கிராம். 250 மில்லிக்கு 7 கிராம். இந்தக் கணக்கை மனதிலேயே போடப் பழகுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் பொடி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கட்டி பிடித்துவிடும், எடுத்ததும் மூடுங்கள்.

மீடியத்தை உறைய வைக்கிற அகார் கடற்பாசியிலிருந்து வருவது, மன்னார் வளைகுடாவிலும் அதற்கான பாசி எடுக்கிறார்கள். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் மீடியத்தை உறைய வைக்க ஜெலட்டினை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் அது உருகிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸிதான், சமையலில் தான் பயன்படுத்தி வந்த அகாரைச் சொன்னார். அது கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் உருகும், 40 டிகிரிக்குப் பக்கம் வந்தால்தான் உறையும். அதனால் 37 டிகிரி இன்குபேட்டரில் கல் மாதிரி நிற்கும். ஜெலட்டினாக இருந்திருந்தால் நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு மேசை மேலேயே ஓடியிருக்கும். ஒரு பெண் தன் அடுக்களை அறிவில் சொன்ன யோசனையால்தான் உலகத்தின் எல்லா மைக்ரோபயாலஜி லேபும் இன்றுவரை நடக்கிறது. அகார் ஊற்றும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் சூடு 45 முதல் 50 டிகிரி. பாட்டிலைப் புறங்கையில் வைத்தால் சுட வேண்டும், ஆனால் தாங்க முடிய வேண்டும். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். உறைந்த பிறகு பிளேட்டைக் கவிழ்த்து வையுங்கள். நேராக வைத்தால் மூடியின் நீர் சொட்டி, தனித்தனியாக வளர வேண்டிய காலனிகள் (கண்ணுக்குப் பொட்டாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டங்கள்) எல்லாம் ஒன்றாக ஓடிவிடும். பெயரும் தேதியும் மூடியில் எழுதாதீர்கள், அடிப்பக்கம் ஓரத்தில் எழுதுங்கள். மூடிகள் மாறிவிட்டால் யாருடையது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

லூப்பும் சுடரும்

முதல் மாதத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். லூப் என்பது பாக்டீரியாவைத் தொட்டு எடுக்கிற, நுனியில் வளையமுள்ள கம்பி. அதைப் பேனா மாதிரி பிடியுங்கள். சாய்வாகச் சுடரில் காட்டி, கம்பியின் அடியிலிருந்து நுனி வரை செக்கச் சிவப்பாக ஏறவிடுங்கள். எடுத்ததும் கல்ச்சரில் (வளர்த்து வைத்திருக்கும் பாக்டீரியாவில்) தொடக் கூடாது, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு அகாரின் காலி ஓரத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 'சுர்' என்று சத்தம் வந்தால் இன்னும் சூடு இருக்கிறது. அந்தச் சூட்டோடு தொட்டால் எடுக்கிற பாக்டீரியா அங்கேயே வெந்து போகும், மறுநாள் பிளேட் வெறுமையாக இருக்கும்.

டியூபின் பஞ்சு மூடியை வலது கையின் சுண்டுவிரலால் பிடித்துத் திறக்க வேண்டும். மேசையில் வைக்கக் கூடாது. முதல் நாள் எல்லோருக்கும் விரல் பிடித்துக்கொள்ளும். காலி டியூபும் தண்ணீரும் வைத்து வீட்டில் தினம் இருபது முறை செய்து பாருங்கள், தீயே வேண்டாம். ஒரு வாரத்தில் கை தானாகப் போகும். வீட்டில் பழகுவது இந்த அளவுக்கு மட்டும் போதும். ஆர்வத்தில் அடுக்களையில் பாக்டீரியா வளர்த்துப் பார்க்காதீர்கள். எது வளரும் என்று உங்கள் கையில் இல்லை, வளர்ந்ததைப் பாதுகாப்பாக அழிக்க வீட்டில் வழியும் இல்லை.

ஸ்ட்ரீக் பண்ணும்போது, அதாவது லூப்பால் அகார் மேல் கோடிழுக்கும்போது, பிளேட்டை மனதால் நான்காகப் பிரியுங்கள். முதல் பகுதியில் தேய்த்துவிட்டு லூப்பைச் சுடுங்கள். அதன் ஓரத்திலிருந்து மூன்று நான்கு கோடு மட்டும் அடுத்த பகுதிக்கு இழுங்கள். மறுபடி சுடுங்கள், மறுபடி இழுங்கள். ஒவ்வொரு முறையும் பாக்டீரியா குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பகுதியில் ஒன்றொன்றாக விழும். பெரும்பாலும் தவறு நடப்பது நடுவில் சுட மறப்பதால்தான்.

கிராம் சாயமேற்றல்

1884-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சொன்ன முறை. சாயம் ஏற்றிப் பாக்டீரியாவை ஊதா, சிவப்பு என்று இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும். உங்கள் மூன்று வருடமும் இதைச் சுற்றித்தான். தயிரின் மேல் நிற்கும் தண்ணீரில் ஒரு துளி எடுத்து ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்புங்கள். காய்ந்த பிறகு ஸ்லைடை அச்சடித்த தாள் மேல் வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் தடிப்பாகிவிட்டது. சுடர் மேல் இரண்டு மூன்று முறை காட்டி ஒட்ட வையுங்கள். கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், கழுவுங்கள். அயோடின் ஒரு நிமிடம், கழுவுங்கள். அடுத்து ஆல்கஹால், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊதா வழிவது நின்ற அந்த நொடியே தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஐந்து நொடி கூடினாலும் ஊதாவாக இருக்க வேண்டியது வெளிறிச் சிவப்பாகத் தெரியும். கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் முக்கால் நிமிடம்.

நூறு மடங்கு லென்ஸில் எண்ணெய்த் துளி வைத்துப் பார்த்தால், கண் வைக்கும் பக்கத்துப் பத்து மடங்கு லென்ஸோடு சேர்த்து மொத்தம் ஆயிரம் மடங்கு. தயிரில் ஊதாக் குச்சிகளும் சங்கிலியாக ஊதாப் புள்ளிகளும் தெரியும். நேற்று நீங்கள் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவை அவை. முதன்முறை அதைப் பார்க்கும் பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், எனக்கு அது இன்றும் அலுக்கவில்லை.

பார்த்து முடித்ததும் லென்ஸ் தாளால் எண்ணெயைத் துடையுங்கள். துடைக்காமல் மூடி வைத்தால் நம்மூர் ஈரத்துக்கு லென்ஸின் மேலேயே பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டால் அந்த லென்ஸ் தேறுவது கஷ்டம். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இருக்கிறதா, நிறம் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள்.

எண்ணிக்கை

மாதிரியின் ஒரு மில்லியில் எத்தனை பாக்டீரியா என்று எண்ண, அதை நீர்த்துக்கொண்டே போக வேண்டும். மாதிரியில் ஒரு மில்லியைக் கிருமி நீக்கிய ஒன்பது மில்லி தண்ணீரில் கலந்தால் பத்தில் ஒன்று. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த ஒன்பதில், இப்படியே நான்கு முறை போனால் பத்தாயிரத்தில் ஒன்று. அதில் 0.1 மில்லியைப் பிளேட்டில் பரப்பி, மறுநாள் 84 காலனி வந்தால்? 84-ஐப் பத்தாயிரத்தால் பெருக்கி 0.1-ஆல் வகுக்க வேண்டும். ஒரு மில்லியில் 84 லட்சம். 30-க்குக் கீழேயும் 300-க்கு மேலேயும் வந்த பிளேட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் நுனியில் மாட்டுகிற டிப்பைப் புதிதாக மாற்றுங்கள்.

பெயர்கள்

சரி, இப்போது பெயர்களுக்கு வரலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் பயமாக இருக்கும். உடைத்துப் பாருங்கள்: ஸ்டஃபைலோ திராட்சைக் குலை, காக்கஸ் உருண்டை, ஆரியஸ் பொன்னிறம். பொன்னிறக் குலையாக வளரும் உருண்டை, அவ்வளவுதான். லாக்டோ என்றால் பால், பேசில்லஸ் என்றால் சின்னக் குச்சி. ஹேலோ உப்பு, ஃபைல் விரும்புவது. இப்படி ஒரு நாற்பது வேர்ச்சொல் தெரிந்தால் நானூறு பெயர் தெரிந்த மாதிரி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கையால் எழுதும்போது பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், சிற்றினப் பெயர் சின்ன எழுத்தில். இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போடுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இதில்தான்.

அப்சர்வேஷன் நோட்டில் என்ன வந்ததோ அதை அன்றே எழுதுங்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் வராததையும் எழுதுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முடிவைப் பார்த்து மாற்றி எழுதுகிற பழக்கம் முதல் மாதத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகவே போகாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். வெள்ளிக்கிழமை பிராக்டிகல் என்றால், சனிக்கிழமை பிளேட்டை யார் எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பார்கள் என்று லேப் அசிஸ்டென்ட்டிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போகிறவர்கள் பிராக்டிகல் நாளில் வழக்கமான பஸ்ஸை நம்ப வேண்டாம். அவசரத்தில்தான் கேஸை மூட மறப்போம்.

வெளியே பார்க்க வேண்டியவை

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் மையம் இராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு கேட்டால் குழுவாகப் போய்ப் பார்க்க வழி கிடைக்கலாம். முதல் வருடமே கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறை எப்படி நோயாளியின் மாதிரியைக் கையாள்கிறது என்பதை அறிய ஆசைப்படுவீர்கள். அங்கே தொற்று அபாயம் உண்டு என்பதால் அது பின்னால், பயிற்சி முடிந்த பிறகு.

வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: இதைப் படித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைக்குமா? நேராகச் சொல்லிவிடுங்கள். மருத்துவ லேப் டெக்னீசியன் வேலைக்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்ப டிப்ளமோ) போன்ற தனிப் படிப்பு கேட்பார்கள். நுண்ணுயிரியல் பட்டதாரிக்கு மீன் ஏற்றுமதி, பால், குடிநீர், மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு லேப் இருக்கிறது. மேலே படிக்க எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் போன்ற தகுதித் தேர்வுகள். எந்த நேர்காணலிலும் முதலில் கேட்பது கிராம் சாயமும் ஆட்டோகிளேவும்தான்.

நான்காவது வாரக் கடைசியில் ஒன்று செய்யுங்கள். இரண்டு நிறக் காலனி தருகிற கலப்புக் கல்ச்சர் ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, யார் உதவியும் இல்லாமல் ஸ்ட்ரீக் செய்து, அடியில் பெயரும் தேதியும் எழுதி, கவிழ்த்து இன்குபேட்டரில் வையுங்கள். மறுநாள் நான்காம் பகுதியில் இரண்டு நிறமும் தனித்தனிப் பொட்டாக நின்றால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஸ்லைடு போடுங்கள். ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பிளேட்டைக் கிருமிநாசினி வாளியில் போட்டு, கை கழுவிவிட்டு, திங்கட்கிழமை புதுப் பிளேட்டில் மறுபடி இழுங்கள்.